யார் காத்திருப்பது? லிப்விர்ட் மென்பொருளும் தடுக்கும் சாக்கெட்டுகளும்

ஒரே கணினியின் செயலியையும் நினைவகத்தையும் பங்கிட்டு, அதன்மேல் ஒன்றையொன்று அறியாத பல கணினிகளை இயக்கும் நுட்பம் மெய்நிகராக்கம் எனப்படுகிறது. லினக்ஸ் உலகில் இப்பணியைப் பெரும்பாலும் இரு மென்பொருள்கள் பகிர்ந்துகொள்கின்றன: வட்டு, வலையட்டை, திரை முதலிய வன்பொருள்களின் வேடத்தைத் தாங்கும் கியூஎமு ஒன்று, செயலியில் உள்ள மெய்நிகராக்க வசதிகளை, இயங்குதளத்தின் மையப்பகுதியான லினக்ஸ் கெர்னலுக்குள் இருந்து திறந்துவிடும் கேவிஎம் மற்றொன்று. முன்னதை ஃபாப்ரிஸ் பெல்லார் 2003ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னது 2007இல் லினக்ஸ் 2.6.20ஆம் பதிப்போடு கெர்னலில் சேர்ந்தது. இவை இரண்டும் மெய்நிகர் கணினியை ஓட்டுபவை. பல மெய்நிகர் கணினிகளைத் தொடங்குவது, நிறுத்துவது, வேறொரு கணினிக்கு இடம்பெயர்ப்பது, அவற்றின் நிலையைக் கேட்டறிவது ஆகிய நிர்வாகப் பணிகளை ஒழுங்குபடுத்த இவற்றுக்கு மேலே இன்னோர் அடுக்கு தேவைப்படுகிறது. ரெட் ஹாட் நிறுவனத்தில் டேனியல் வெய்யார் 2005இல் தொடங்கிய லிப்விர்ட் என்னும் திறமூல மென்பொருள் அந்த அடுக்காக விளங்குகிறது. ஓப்பன்ஸ்டாக், ஓவிர்ட் போன்ற பெரிய தொகுப்புகளும், தனி ஒருவர் தம் மேசைக்கணினியில் பயன்படுத்தும் விர்ட்-மேனேஜரும் இதை நம்பியே இயங்குகின்றன.

லிப்விர்ட் தானாகச் செய்யும் கணக்கீடு மிகக் குறைவு; அதன் பொழுதில் பெரும்பகுதி பிறரோடு பேசுவதிலேயே கழிகிறது. நிர்வாகியின் கட்டளைகளைச் சுமந்துவரும் கிளையன்ட் நிரல்கள், ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒன்றாக ஓடும் கியூஎமு புராசஸ்கள் (இயக்கத்தில் உள்ள நிரல்கள்), மெய்நிகர் கணினியின் உள்ளே குடியிருக்கும் உதவி நிரல், இடம்பெயர்ப்பின்போது எதிர்முனையில் நிற்கும் மற்றொரு ஹோஸ்ட் கணினி என எல்லாத் திசைகளிலும் உரையாடல் நடந்துகொண்டே இருக்கிறது. இவ்வுரையாடல்களில் பெரும்பாலானவை சாக்கெட் வழியாக நிகழ்கின்றன. சாக்கெட் என்பது, ஒரே கணினியிலோ வெவ்வேறு கணினிகளிலோ இருக்கும் இரண்டு புராசஸ்கள் தம்முள் பைட்டுகளைப் பரிமாறிக்கொள்ள இயங்குதளம் அமைத்துத் தரும் முனை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1983இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி யூனிக்ஸோடு பரவிய இந்த ஏற்பாடு, ஏறத்தாழ அதே வடிவில் இன்றும் நிலைத்திருக்கிறது.

சாக்கெட்டுக்கு இயல்பாகவே அமைந்த ஒரு குணம் உண்டு. ஒரு நிரல் சாக்கெட்டிலிருந்து படிக்க முற்படும்போது எதிர்முனையிலிருந்து இன்னும் எதுவும் வந்துசேரவில்லை என்றால், கெர்னல் அந்நிரலின் இழையை, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் கட்டளைத் தொடரை, ஏதேனும் வந்துசேரும்வரை உறங்கவைத்துவிடுகிறது. எழுதும்போதும் இதுவே நேர்கிறது: எதிர்முனை படிக்காமல் இருந்து, இடைச்சேமிப்புக்காகக் கெர்னல் ஒதுக்கிய பஃபர் நிரம்பிவிட்டால், எழுத வந்த இழை அங்கேயே நின்றுவிடும். புதிய இணைப்பைக் கோரும் செயலும் இவ்வாறே. பதில் தராத கணினியோடு டிசிபி இணைப்பை ஏற்படுத்த முயலும் இழை, லினக்ஸின் இயல்பான அமைப்பில் பல முறை மறுமுயற்சி செய்துவிட்டு, இரண்டு நிமிடங்களுக்கும் மேல் கழிந்த பிறகே தோல்வியைத் தெரிந்துகொள்கிறது. இவை தடுக்கும் செயல்பாடுகள் எனப்படுகின்றன. ஒருவரோடு மட்டும் பேசும் எளிய நிரலுக்கு இக்குணம் பெரும் வசதியே. கேள், பதிலைப் பெறு, அடுத்ததைச் செய் என்று நேர்கோட்டில் நிரலை எழுதிச் செல்லலாம். ஐம்பது கியூஎமுக்களோடும் இருபது கிளையன்டுகளோடும் ஒரே வேளையில் பேசவேண்டிய டீமன், அதாவது பின்னணியில் ஓயாமல் ஓடும் சேவை நிரல், அவ்வாறு எழுதப்பட்டால், அவற்றுள் ஒன்று வாய்மூடிக்கொண்ட நொடியிலேயே மற்ற அனைத்துக்கும் சேவை நின்றுபோகும்.

பதில் வரும்வரை யாரேனும் காத்திருந்தே ஆகவேண்டும் என்பதால், காத்திருப்பை எந்தத் திறமையாலும் ஒழிக்க முடியாது. யார் காத்திருப்பது, காத்திருப்பவர் அவ்வேளையில் எதைக் கையில் பிடித்திருக்கக் கூடாது என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிய முயற்சியாகவே லிப்விர்ட்டின் உள்ளமைப்பைப் படிக்க முடியும். அதன் மிக நுட்பமான பகுதிகள் அனைத்தும் இவ்விரண்டு கேள்விகளைச் சுற்றியே வளர்ந்திருக்கின்றன.

முதல் விடை பழமையானது. சாக்கெட்டைத் தடுக்கா முறைக்கு மாற்றிவிட்டால், வேலை உடனே ஆகாத நிலையில் கெர்னல் இழையை உறங்கவைக்காமல், 'பிறகு முயல்க' என்று பொருள்படும் பிழைக்குறியோடு உடனே திருப்பி அனுப்பிவிடும். பிறகு எப்போது முயல்வது என்பதை அறிய, பல சாக்கெட்டுகளின் பட்டியலைக் கெர்னலிடம் கொடுத்து, இவற்றுள் ஏதேனும் ஒன்று தயாரானதும் எழுப்புக என்று கேட்கும் அழைப்புகள் உள்ளன. 4.2பிஎஸ்டியிலேயே வந்த 'செலக்ட்' அவற்றுள் மூத்தது. லிப்விர்ட் நெடுங்காலம் பயன்படுத்தியது 'போல்' என்னும் அதன் பின்னோனை. இந்தக் கண்காணிப்பு அழைப்பில் காத்திருப்பது, எழுந்ததும் தயாரான சாக்கெட்டுகளை மட்டும் கவனிப்பது, மீண்டும் காத்திருப்பது என்று சுழன்றுகொண்டே இருக்கும் பகுதி நிகழ்வுச் சுழல் எனப்படுகிறது. டீமனின் முதன்மை இழை செய்யும் வேலை இதுதான். பலருக்காகவும் காத்திருக்கும் அந்த ஓர் இழை, குறிப்பிட்ட எவருக்காகவும் காத்திருப்பதில்லை. 2020இல் லிப்விர்ட் தன் சொந்தச் சுழலைக் கைவிட்டு, ஜிலிப் நூலகத்தின் சுழலுக்கு மாறியது.

தடுக்கா முறைக்கு ஒரு விலை உண்டு. கேட்ட அளவு பைட்டுகள் ஒரே தவணையில் வரும் என்ற உறுதி இதில் இல்லை என்பதால், செய்தி எந்த இடத்தில் அறுபட்டது என்பதை நிரலே நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. லிப்விர்ட்டின் செய்தி ஒவ்வொன்றும் அதன் மொத்த நீளத்தைச் சொல்லும் 4 பைட்டுகளோடு தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து நிரல் எண், பதிப்பு, செயல் எண், வகை, வரிசை எண், நிலை என ஆறு புலங்கள், ஒவ்வொன்றும் 4 பைட்டாக, மொத்தம் 24 பைட்டுகளில் தலைப்பகுதியாக அமைகின்றன. எனவே டீமன் முதலில் 4 பைட்டுகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கி, அவை நிறைந்ததும் நீளத்தை அறிந்து, அது அனுமதித்த வரம்புக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்து, மீதிக்கு இடத்தை விரித்து, எத்தனை தவணைகளில் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. வரம்பைச் சரிபார்ப்பது வெறும் சடங்கன்று. கியூஎமுவின் பதிலுக்கு அளவு வரம்பு வைக்காததால், மிகப் பெரிய பதிலை அனுப்பி டீமனின் நினைவகத்தை விழுங்கச் செய்யலாம் என்பது 2018இல் சிவிஇ-2018-5748 என்ற எண்ணோடு பாதுகாப்புக் குறையாகவே பதிவாயிற்று.

சாக்கெட் தயார் என்று கெர்னல் சொன்ன பின்பும் தடுக்கா முறை தேவையா என்ற ஐயம் எழுவது இயல்பு. தேவைதான். லினக்ஸில், ஒரு சாக்கெட்டில் தரவு வந்திருப்பதாக அறிவிக்கப்பட்ட பிறகு, அத்தரவின் சரிபார்ப்புத் தொகை பிழையானது என்று தெரிந்து அது வீசியெறியப்படக்கூடும். அறிவிப்பை நம்பிப் படிக்கச் சென்ற இழை அப்போது வெறும் சாக்கெட்டின் முன் உறங்கிப்போகும். புதிய இணைப்பை ஏற்கும் சாக்கெட்டிலும், அறிவிப்புக்கும் ஏற்புக்கும் இடையிலான கணத்தில் எதிர்முனை இணைப்பை முறித்துக்கொண்டால் இதே நிலை உண்டாகலாம். நிகழ்வுச் சுழலின் இழை ஒருமுறை உறங்கிவிட்டாலும் டீமன் முழுவதும் நின்றுவிடும் என்பதால், இவ்வளவு அரிய வாய்ப்புக்கும் காப்பு செய்யவேண்டியிருக்கிறது.

செய்தி முழுதாக வந்து சேர்ந்ததும் அதைச் செயல்படுத்தும் பொறுப்பு சுழலுக்கு இல்லை. அது பணியாளர் இழைகளின் குழுவுக்குச் செல்கிறது. லிப்விர்ட் டீமனின் இயல்பான அமைப்பில் குறைந்தது 5 இழைகளும் கூடியது 20 இழைகளும் இக்குழுவில் இருக்கின்றன. ஒரே கிளையன்ட் குழு முழுவதையும் பிடித்துக்கொள்ளாதபடி, ஓர் இணைப்பிலிருந்து ஒரே வேளையில் 5 கோரிக்கைகள்வரை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பணியாளர் இழை காத்திருக்கலாம், ஏனெனில் அது நின்றால் அந்த ஒரு கோரிக்கை மட்டுமே நிற்கும். ஆனால் பணியாளர்கள் இருபது பேரும் பதில் தராத கியூஎமுக்களுக்காக ஒருங்கே காத்திருக்க நேர்ந்தால், சிக்கிக்கொண்ட மெய்நிகர் கணினியை வலிந்து நிறுத்துமாறு நிர்வாகி அனுப்பும் கட்டளையைக்கூட எடுத்துச் செய்ய ஆளிருக்காது; நோயைத் தீர்க்கும் மருந்தும் அதே நோயில் மாட்டிக்கொள்ளும். இதற்காகவே முன்னுரிமைப் பணியாளர்கள் என்று 5 இழைகள் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. கியூஎமுவின் பதிலுக்காகக் காத்திருக்கும் தேவை இல்லாதவை என்று குறிக்கப்பட்ட கட்டளைகளை மட்டுமே அவை தொடும். அவற்றுள் முதன்மையானது வலிந்து நிறுத்தும் கட்டளை: அது கியூஎமுவிடம் எதையும் கேட்பதில்லை, கெர்னல் வழியாக அந்தப் புராசஸுக்குச் சிக்னல் அனுப்பி அதை முடிக்கிறது. புராசஸ் மடிந்ததும் அதன் சாக்கெட் மூடிக்கொள்ள, மூடலை நிகழ்வுச் சுழல் கண்டு, அந்தக் கியூஎமுவுக்காகக் காத்திருந்த பணியாளர்கள் அனைவரையும் பிழையோடு எழுப்பிவிடுகிறது. சின்னஞ்சிறிய இந்த ஏற்பாடு லிப்விர்ட்டின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று என்றே மதிப்பிடத் தோன்றுகிறது. எல்லா இழைகளும் சமம் என்று கருதும் வடிவமைப்பில் இது தோன்றியிருக்காது.

கிளையன்ட் பக்கத்தில் சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. லிப்விர்ட் ஒரு நூலகம் என்பதால், அதைப் பயன்படுத்தும் நிரலில் பல இழைகள் இருக்கலாம். அவை அனைத்தும் டீமனோடு ஒரே சாக்கெட்டைப் பகிர்ந்துகொண்டு, தத்தம் கேள்வியை அனுப்பிவிட்டுத் தத்தம் பதிலுக்குக் காத்திருக்கலாம். பதில்கள் கேள்விகளின் வரிசையில் வருவதில்லை. எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்பதைச் செய்தியின் வரிசை எண்தான் காட்டுகிறது. ஒவ்வோர் இழையும் சாக்கெட்டைத் தானே படித்தால் ஒருவர் பதிலை மற்றவர் பாதியில் பறித்துவிடுவார். படிப்பதற்கென்றே தனி இழையை அமைக்கலாம் என்றால், பிறருடைய நிரலுக்குள் அவர்கள் அறியாமல் ஓர் இழையைத் தொடங்குவது நூலகத்துக்கு அழகன்று. லிப்விர்ட் கண்ட வழி, பொறுப்பைக் கைமாற்றும் முறை. கடிதத்துக்காகக் காத்திருக்கும் பலர் உள்ள ஒரு வீட்டில், ஒருவர் மட்டும் திண்ணையில் அமர்ந்து தபால்காரரிடம் எல்லோருடைய கடிதங்களையும் வாங்கி உரியவரை எழுப்பிக் கொடுத்துவிட்டு, தம் கடிதம் வந்ததும் இன்னும் காத்திருக்கும் மற்றொருவரைத் திண்ணையில் அமர்த்திவிட்டுச் செல்வதைப் போன்றது அது. எந்த நேரத்திலும் ஓர் இழை மட்டுமே கண்காணிப்பு அழைப்பில் இருக்கும். மற்றவை நிபந்தனை மாறி என்னும் ஒருங்கிணைப்புக் கருவியின்மேல் உறங்கும்.

இம்முறையில் நுணுக்கம் ஒன்று மிஞ்சுகிறது. பொறுப்பிலுள்ள இழை கெர்னலில் காத்துக்கிடக்கும்போது புதிதாக ஓர் இழை தன் கேள்வியை அனுப்ப வந்தால், அது தானே சாக்கெட்டைத் தொட முடியாது. பொறுப்பாளரை எழுப்பிச் சொல்லவும் வேண்டும். 2020இல் ஜிலிப் சுழலுக்கு மாறும்வரை, இதற்காகச் சாக்கெட்டோடு சேர்த்து ஒரு குழாயையும், அதாவது ஒருமுனையில் எழுதி மறுமுனையில் படிக்கும் எளிய வழியையும், பொறுப்பாளர் கண்காணித்தார். வந்த இழை தன் கேள்வியை வரிசையில் வைத்துவிட்டு, குழாயில் ஒரேயொரு பைட்டை எழுதிவிட்டு உறங்கச் சென்றது. அந்தப் பைட்டுக்குப் பொருள் எதுவும் இருக்கவில்லை, எழுப்புவது ஒன்றே அதன் பயனாக இருந்தது. எழுந்த பொறுப்பாளர் வரிசையைப் பார்த்துப் புதிய கேள்வியை அனுப்பி, மீண்டும் காத்திருப்பில் இறங்கினார்.

டீமனுக்கும் கியூஎமுவுக்கும் இடையிலான மானிட்டர் என்னும் சாக்கெட்டில், கேள்வியும் பதிலும் ஜேசன் என்னும் உரை வடிவில் செல்கின்றன. இங்கே இரண்டாம் கேள்வி, அதாவது காத்திருக்கையில் எதைப் பிடித்திருக்கக் கூடாது என்பது, முழு வலிமையோடு எழுகிறது. ஒவ்வொரு மெய்நிகர் கணினியைப் பற்றிய விவரங்களையும் டீமன் தன் நினைவகத்தில் ஒரு பொருளாக வைத்திருக்கிறது. இரண்டு இழைகள் அதை ஒரே வேளையில் மாற்றிக் குலைத்துவிடாதபடி அதற்கொரு பூட்டு உண்டு. கியூஎமுவின் பதிலுக்குக் காத்திருக்கும் இழை இந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டே உறங்கினால், மெய்நிகர் கணினிகளின் பட்டியலை மட்டும் கேட்டு வந்த இழைகூட அதன் வாசலில் நின்றுவிடும். ஆதலால் மானிட்டருக்குள் நுழையும்முன் பூட்டை விட்டுவிட வேண்டும், பதில் வந்தபின் மீண்டும் பெறவேண்டும் என்பது லிப்விர்ட்டில் மாறாத விதி. பூட்டை விட்ட இடைவெளியில் வேறோர் இழை புகுந்து, பாதியில் நிற்கும் வேலையைக் கெடுத்துவிடாமல் இருக்க, 'ஜாப்' என்னும் இரண்டாம் நிலைக் காப்பு வைக்கப்பட்டிருக்கிறது: டீமனின் நினைவகத்தில் உள்ள விவரங்களை மட்டும் பார்க்க வருபவரை அது தடுக்காது, நிலையை மாற்றவோ மானிட்டரிடம் கேட்கவோ வருபவரை நிறுத்தும். அப்படி நிறுத்தப்பட்டவர் முடிவின்றி நிற்பதில்லை. 30 நொடிகளுக்குள் முறை வராவிட்டால், நிலைமாற்றப் பூட்டைப் பெற இயலவில்லை என்ற பிழைச்செய்தியோடு திரும்பிவிடுகிறார். கேவிஎம் கணினிகளை நிர்வகிப்போர் பலரும் கண்டு சலித்த அச்செய்தி உண்மையில் ஒரு பாதுகாப்பு. காத்திருந்து மீண்ட இழைக்கும் ஒரு கடமை உண்டு: தான் உறங்கிய நேரத்தில் அந்த மெய்நிகர் கணினியே மடிந்திருக்கலாம் என்பதால், அது இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்த்த பின்னரே அடுத்த அடி வைக்கவேண்டும். இதை மறந்த இடங்களில் டீமனே நொறுங்கிவிழும்.

காத்திருக்கவே மனமில்லாத கண்காணிப்பு நிரல்களுக்காக இன்னொரு வழியும் சேர்க்கப்பட்டது. எல்லா மெய்நிகர் கணினிகளின் புள்ளிவிவரங்களையும் மொத்தமாகக் கேட்கும் அழைப்பில், உடனே கிடைப்பவற்றை மட்டும் கொடு, ஜாப்புக்காக நிற்காதே என்று சொல்லும் தேர்வு 2018இல் வந்தது. சிக்கிக்கொண்ட ஒரு கணினிக்காக மற்ற கணினிகளின் கணக்கும் தாமதமாகும் நிலை அதனால் நீங்கிற்று.

மெய்நிகர் கணினியின் உள்ளேயே ஓடும் உதவி நிரலோடு பேசுவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. கோப்பு அமைப்புகளின் பட்டியலைச் சொல்வது, காப்புப் படி எடுப்பதற்காக எழுதுதலைச் சற்று நிறுத்திவைப்பது போன்றவற்றை அது செய்கிறது. கியூஎமு பதில் தராமல் போனால் அதைப் பிழை எனலாம். உள்ளிருக்கும் நிரலோ வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டில் இருப்பதால், அது வேண்டுமென்றே வாய்மூடிக்கொள்ளக்கூடும். ஆகவே லிப்விர்ட் முதலில் ஓர் எண்ணை அனுப்பி, அதே எண் திரும்பிவருகிறதா என்று 5 நொடிகள் பார்க்கிறது. பழைய உரையாடலின் எச்சமாகக் கிடக்கும் பதில்களை ஒதுக்கித்தள்ளவும் இந்த எண் உதவுகிறது. சோதனை தேறிய பிறகே உண்மையான கட்டளை செல்கிறது. ஆனால் அக்கட்டளையின் பதிலுக்கான காத்திருப்புக்கு இயல்பான அமைப்பில் வரம்பு இல்லை. சோதனைக்கு ஒழுங்காகப் பதிலளித்துவிட்டு அடுத்த கேள்விக்கு மௌனம் சாதிக்கும் நிரல் ஒன்று, கேட்ட இழையை எவ்வளவு நேரமும் பிடித்துவைக்கலாம். லிப்விர்ட்டின் 6.0.0க்கு முந்தைய பதிப்புகளில், அந்த இழை மானிட்டருக்குரிய ஜாப்பையும் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்த இடங்கள் சில இருந்தன. அதனால் அந்தக் கணினியை மாற்ற வந்த பிற அழைப்புகளும் முடங்கின. சிவிஇ-2019-20485 என்று பதிவான இக்குறைக்குத் தீர்வு எளிமையாகவே அமைந்தது: உதவி நிரலுக்கென்று உள்ள தனி ஜாப்பை மட்டும் பெற்றுக் கேள்வியைக் கேட்பது, பதில் வந்ததும் அதை விட்டுவிடுவது, அதன்பிறகே மானிட்டருக்குரியதைப் பெறுவது. காத்திருப்பு ஒரு நொடியும் குறையவில்லை. காத்திருப்பவர் கையில் இருந்தது மட்டுமே குறைந்தது. பதிலுக்குக் கால வரம்பு விதிக்கும் வசதி அதற்கு முந்தைய 5.10.0ஆம் பதிப்பிலேயே கிடைத்திருந்தது.

எதிர்முனை மௌனமாக இருக்கிறதா, இறந்துவிட்டதா என்பதைச் சாக்கெட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வலைக்கம்பி பிடுங்கப்பட்டாலோ எதிர்க்கணினி திடீரென்று மின்சாரம் இழந்தாலோ, இணைப்பு மூடப்பட்டதாக எந்தச் செய்தியும் வராது. டிசிபியிலேயே உள்ள உயிர்ச்சோதனையை இயக்கினாலும், லினக்ஸின் இயல்பான அமைப்பில் அது முதல் வினவலை அனுப்புவது இரண்டு மணிநேர அமைதிக்குப் பிறகுதான். எனவே லிப்விர்ட் தன் நெறிமுறையிலேயே ஓர் உயிர்ச்சோதனையைச் சேர்த்துக்கொண்டது: 5 நொடி அமைதி நிலவினால் ஒரு வினவல், பதிலில்லாமல் ஐந்து வினவல்கள் கழிந்தால், கடைசிச் செய்தி வந்ததிலிருந்து ஏறத்தாழ 30 நொடிகளில் இணைப்பு முறிக்கப்படும். பணியாளர்கள் அனைவரும் வேலையில் மூழ்கியிருந்தாலும் இவ்வினவலுக்கு நிகழ்வுச் சுழலே நேரடியாக விடையளிக்கிறது. பணியாளருக்காக அது வரிசையில் நின்றிருந்தால், உயிரோடிருப்பவர் இறந்தவராகக் கணிக்கப்படுவார். ஓர் இணைப்புக்கான கோரிக்கை வரம்பை மிகவும் குறைத்துவைத்தால் இந்தச் சோதனை தோற்கக்கூடும் என்று அமைப்புக் கோப்பிலேயே எச்சரிக்கை எழுதப்பட்டிருப்பதும் இதனோடு தொடர்புடையது: வரம்பை எட்டிய கிளையன்டின் சாக்கெட்டை டீமன் படிப்பதை நிறுத்திவைக்கும்போது, அதே வழியில் வரும் வினவல்களும் படிக்கப்படாமல் தேங்கிவிடுகின்றன.

சாக்கெட்டுக்குப் பொருந்தும் இந்த உத்திகள் எதுவும் வட்டிலுள்ள கோப்புக்குப் பொருந்துவதில்லை. சாதாரணக் கோப்பு எப்போதும் தயார் என்றே கெர்னல் சொல்லும். தடுக்கா முறைக்கும் அங்கே பயனில்லை. வட்டு தாமதித்தால் இழை உறங்கவே செய்யும். மெய்நிகர் கணினியின் நினைவகத்தைக் கோப்பில் சேமிப்பது போன்ற நீண்ட வேலைகளுக்கு லிப்விர்ட் ஒரு சிறிய துணைப் புராசஸைத் தொடங்கி, கோப்பைத் தொடும் வேலையை அதனிடம் விட்டுவிட்டு, அதற்கும் தனக்கும் இடையே குழாய் ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. கோப்புக்காகக் காத்திருப்பவர் இப்போது வேறொரு புராசஸ் என்பதால், டீமன் தான் கண்காணிக்கக்கூடிய குழாயை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் வலைவழியே பகிரப்படும் என்எஃப்எஸ் சேமிப்பகம் ஒன்று பதிலளிக்காமல் போய், கியூஎமுவே கெர்னலுக்குள் எழுப்ப முடியாத உறக்கத்தில் ஆழ்ந்துவிட்டால், முன்னுரிமைப் பணியாளர் அனுப்பும் வலிய சிக்னலும் அதைச் சென்றடைவதில்லை. அப்போது டீமன் சில நொடிகள் பார்த்துவிட்டு, புராசஸை முடிக்க இயலவில்லை என்ற பிழையை நிர்வாகியிடம் கொடுத்துத் தன் பிற வேலைகளுக்குத் திரும்புகிறது. அந்த ஒரு மெய்நிகர் கணினி, சேமிப்பகம் மீண்டும் பதிலளிக்கும்வரையோ ஹோஸ்ட் கணினி மறுதொடக்கம் செய்யப்படும்வரையோ அதே நிலையில் கிடக்கிறது.